கம்பியில் ஆறு வாஷர்

போன மாதம் மருமகனுடைய வேனை எடுத்துக்கொண்டு திருவொற்றியூரில் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போயிருந்தேன். எஞ்சினில் 'சிக் சிக்' என்று ஒரு சத்தம். வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இஞ்ஜெக்டர் சீல் போயிருக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ரிட்டையர் ஆனவன் ஒர்க்ஷாப்பில் யோசனை சொன்னால், ஒரு ஸ்டூலைப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாக ஓரம் கட்டிவிடுவார்கள். அந்த மெக்கானிக் ஒரு பெட்டியை ஒயரால் எஞ்சினோடு இணைத்தார். திரையில் எண்கள் ஓடின. "நாலாவது இஞ்ஜெக்டர்தான், பெர்சு. சீல் லீக்கு" என்றார். கழற்றினார், பழைய செம்பு வாஷரைக் குப்பைத் தொட்டியில் போட்டார், உறையைக் கிழித்துப் புதியதை மாட்டினார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

நான் குப்பைத் தொட்டியில் கையை விட்டு அந்தப் பழைய வாஷரை வெளியே எடுத்தேன். இதை எதற்குப் பொறுக்குகிறீர்கள் என்று அவர் கேட்டார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது, வீடு கொருக்குப்பேட்டை. ஐ.டி.ஐ. படிப்பு, லாரி ஷெட்டில் இரண்டு வருஷம் கிரீஸ் பூசியது, ஐஸ் பாக்டரியில் ஒரு வருஷம் எஞ்சினுக்குக் காவல் இருந்தது, இதுதான் என் மொத்தப் பயிற்சி. பிறகு ராயபுரத்தில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தேன். தகரக் கூரை, ஐந்து பிட்டர்கள், எல்லாருக்கும் மேலே கப்ரியேல் மேஸ்திரி. ஒரு வருஷம் தற்காலிகம். அது முடிகிறபோது மேஸ்திரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் மறுபடி ஐஸ் பாக்டரி.

மேஸ்திரியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ராயபுரத்துக் கிறிஸ்தவர். ஒல்லி, ஆறடி உயரம். தினமும் வெள்ளை முழுக்கைச் சட்டையில்தான் பட்டறைக்கு வருவார், மாலையில் வெள்ளையாகவே திரும்பிப் போவார். டீசல் எஞ்சினுக்குள் முழங்கை வரை விட்டு வேலை செய்த மனிதர் மேல் ஒரு பொட்டு எண்ணெய் படாமல் இருந்தது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் யாரையும் திட்டியதில்லை. சந்தோஷமாக இருந்தால் ஏழுமலை என்கிற என் பெயரைச் சுருக்கி "டேய் ஏமலை, இன்னாடா பண்ணிகினு கீற" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறும். 'வாங்க' என்றால் சின்னத் தப்பு. 'உட்காருங்க' என்றால் பெரிய தப்பு. ஒரு முறை ஒரு பிட்டர் எண்ணெய் ஊற்றாமல் எஞ்சினை ஓட்டிவிட்டார். "ஐயா அவர்கள் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா" என்று மேஸ்திரி கேட்டார். அந்த மனிதர் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

மேஸ்திரிக்கு ஒரு சட்டம் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள இஞ்ஜெக்டர் என்னவென்று தெரிய வேண்டும். டீசலைத் தூறலாக்கி எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற குழல் அது, சிலிண்டருக்கு ஒன்று. எஞ்சின் தலையில் ஒரு குழி, அதற்குள் குழல் இறங்கி உட்கார்ந்திருக்கும். அடியில் ஒரு செம்பு வாஷர், கட்டை விரல் நகம் அளவு. உள்ளே வெடிக்கிற நெருப்புக் காற்று மேலே ஏறி வராமல் அடைப்பது அந்த வாஷர்தான். அது சரியாக உட்காராவிட்டால் சந்து வழியே கரி கலந்த எண்ணெய் தெறிக்கும், 'சிக் சிக்' என்று சத்தம் வரும், எஞ்சின் தலை முழுக்கத் தார் பூசினாற்போல் ஆகிவிடும்.

அந்த நாளில் புது வாஷர் குதிரைக் கொம்பு. பழையதைக் கழற்றி, அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடுவோம். இறுகிப்போன செம்பு இளகி மறுபடி வேலைக்கு ஆகும். ஆனால் கழற்றும்போது ஒரு சங்கடம் உண்டு. சில சமயம் வாஷர் குழலோடு மேலே வராமல் குழியின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். மேலே கரி மூடிவிட்டால் அது வாஷரா, எஞ்சின் இரும்பா என்று கண்ணுக்குத் தெரியாது. அதைக் கவனிக்காமல் மேலே இன்னொன்றைப் போட்டுக் குழலை இறக்கினால் இரண்டு வாஷர் ஆகிவிடும், குழல் தூக்கிக்கொண்டு நிற்கும், சில நாளில் ஒழுக ஆரம்பிக்கும்.

ஆகவே மேஸ்திரியின் சட்டம்: கழற்றிய வாஷர்களை ஒரு இரும்புக் கம்பியில் கோத்துக் கொண்டுவந்து அவர் மேஜைக்கு மேல் உள்ள ஆணியில் மாட்ட வேண்டும். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் கம்பியில் ஆறு. அவர் எண்ணிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுப்புப் பற்ற வைக்கலாம். பதினைந்து வருஷத்தில் ஒரு நாளும் கணக்குக் குறைந்ததில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

என் வருஷம் முடிய இரண்டு மாதம் இருந்தபோது ஒரு லாஞ்சு வந்தது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுகிற லாஞ்சு, ஒரு கப்பல் ஏஜெண்டுக் கம்பெனியுடையது. அதன் டிரைவர் கன்னியப்பன் அண்ணன், திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துக்காரர், நாற்பது வயது. அந்த எஞ்சினை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் வீட்டில் பெண்டாட்டி கோபித்துக்கொள்ள நியாயம் உண்டு. இஞ்ஜெக்டர் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை, என்னிடம் கொடுத்தார்கள். லாஞ்சிலேயே உட்கார்ந்து ஆறு குழலையும் கழற்றினேன். கம்பியில் கோத்தேன். ஐந்துதான் இருந்தது.

தேடினேன். மடியில், பெட்டியில், குழல்களின் முனையில், எங்கும் இல்லை. படகின் அடியில் முழங்கால் அளவு எண்ணெய்த் தண்ணீர் நின்றது. அதில்தான் உருண்டு விழுந்திருக்க வேண்டும் என்று என் மனசுக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழிகளை ஒவ்வொன்றாக விளக்குப் பிடித்துச் சுரண்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் மேஸ்திரி சாப்பிடப் போகிற நேரம் நெருங்கியிருந்தது, ஐந்து வாஷரோடு போய் நின்றால் "உட்காருங்க" என்பார், என் கையெழுத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. என் பெட்டியில் ஒரு மூக்குப்பொடி டப்பா உண்டு, அதில் எங்கெங்கோ பொறுக்கிய பழைய வாஷர்கள் ஏழெட்டுக் கிடக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கம்பியில் கோத்தேன். ஆறு. மேஸ்திரி எண்ணினார், தலையாட்டினார்.

மூன்று வாரம் லாஞ்சு ஒழுங்காக ஓடியது. பிறகு சுந்தரம் சார் வந்தார். கம்பெனியின் ஆபீசர். கப்பலுக்கு மேலே ஏறிக் கேப்டனிடம் காகிதங்களில் கையெழுத்து வாங்குகிறவர், அதனால் கஞ்சி போட்ட வெள்ளை யூனிபாரம். லாஞ்சில் அவர் உட்காரும் பலகை எஞ்சின் மூடிக்கு ஒட்டினாற்போல் இருக்கும். மூடியின் இடுக்கு வழியே கரி எண்ணெய் தெறித்து அவருடைய பேண்டின் பின்பக்கம் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டது. அவருக்குத் தெரியாது. கயிற்று ஏணியில் அவர் ஏற ஏற, கீழே லாஞ்சில் இருந்தவர்களெல்லாம் அண்ணாந்து அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆபீசில் அவருக்குப் 'புள்ளிமான்' என்று பெயர் விழுந்து, அது அவர் காதுக்கும் போய்விட்டது. அன்றைக்குப் பட்டறைக்கு வந்தவர் பேசவே இல்லை. திரும்பி நின்று காட்டினார்.

மேஸ்திரி நேரே லாஞ்சுக்குப் போனார். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தால் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. வெளிக்கடல் வரை போய்ச் சூடேறித் திரும்பும்போதுதான் அது துப்பும், கரையில் கட்டிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். தலை முழுக்கத் தார் பரவியிருந்ததால் எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மேஸ்திரி எல்லா நட்டையும் தன் கையால் முறுக்கினார். மறு வாரம் சுந்தரம் சார் மறுபடி வந்து திரும்பி நின்றார்.

இப்போது மேஸ்திரி எங்களை எல்லாம் கூப்பிட்டு, கன்னியப்பன் அண்ணனையும் நிற்க வைத்து, ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்கிற நிதானத்தில் விளக்கினார். வாஷர் ஆறு வெளியே வந்தது, ஆறு உள்ளே போனது, அதை அவரே எண்ணினார். ஆகவே வாஷரில் தப்பில்லை. நட்டை அவரே முறுக்கினார், அதிலும் தப்பில்லை. மிச்சம் இருப்பது ஓட்டுகிற கை. காலையில் குளிர்ந்த எஞ்சினை முழு வேகத்தில் விரட்டினால் எந்த வாஷரும் தாங்காது. இதைச் சொல்லிவிட்டு அவர் கன்னியப்பன் அண்ணனைப் பார்த்து, "நீங்கள் கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம்" என்றார்.

கன்னியப்பன் அண்ணன் அந்த மரியாதையின் கனம் தெரிந்தவர். முகம் செத்துப் போயிற்று. குழந்தையைத் தூக்குவது மாதிரிதான் தினமும் எஞ்சினைக் கிளப்புவதாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி அப்படியே எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். ஆயுத பூஜை முடிந்ததும் அவரை லாஞ்சிலிருந்து இறக்கி, எஞ்சின் இல்லாமல் இன்னொரு படகு இழுத்துக்கொண்டு போகிற பார்ஜில் கயிறு பிடிக்கப் போடுவது என்று கம்பெனியில் முடிவானது.

மேஸ்திரி 'ஆறு வெளியே வந்தது' என்று சொன்ன அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆறாவது வாஷர் தண்ணீரில் விழவில்லை, ஏதோ ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்தது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு வாரம் சொல்லவில்லை. கையெழுத்துக்கு இன்னும் ஒரு மாதம், அதற்குள் லாஞ்சு மறுபடி பட்டறைக்கு வரும், யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு, கன்னியப்பன் அண்ணன் எதிரே வந்தால் சந்து மாறிப் போனேன். ஐம்பது வருஷம் கழித்து எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆயுத பூஜை வந்தது. லாஞ்சில் அவருக்கு அதுதான் கடைசிப் பூஜை என்பதால் கன்னியப்பன் அண்ணன் குறையில்லாமல் செய்தார். வாழைக் கன்று, மாலை, பொரி, சுண்டல், பூசணிக்காய். பட்டறைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தார். மேஸ்திரியும் வந்தார். கோயிலுக்குப் போகிறது வேறு, எஞ்சினுக்கு மரியாதை செய்கிறது வேறு என்பது அவர் கட்சி. சுந்தரம் சார் வந்து எஞ்சினுக்கு ரொம்ப தூரத்தில் நின்றார். லாஞ்சு அப்போதுதான் வெளிக்கடலிலிருந்து வந்திருந்தது. எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. பூஜை நேரத்தில் அதை நிறுத்துவதில்லை, உயிரோடு இருக்கும்போதுதான் கும்பிட வேண்டும் என்பது கன்னியப்பன் அண்ணனின் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தேங்காயை உடைத்து, அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கை ஊற்றுவார். ஆறு பேருக்கும் ஆறு கை, ஓரவஞ்சனை கிடையாது. சூட்டு இரும்பில் தண்ணீர் படக் கூடாது என்று மேஸ்திரி வருஷா வருஷம் முணுமுணுப்பார், அவர் வருஷா வருஷம் காதில் வாங்கமாட்டார். முதல் குழியில் ஊற்றினார், ஆவி வந்தது. இரண்டாவதிலும் ஆவி. மூன்றாவது குழியில் ஊற்றியதும் தேங்காய்த் தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளித்தது. நுரை பொங்கிக் கரையேறி வழிந்தது. அவர் சாமிக்கு என்னவோ குறை வைத்துவிட்டதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் வெறும் ஆவிதான். மூன்று மட்டும் நிற்காமல் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது.

அடியிலிருந்து காற்று ஏறி வருகிறது என்று கண்டுகொண்ட மேஸ்திரி முழுக்கைச் சட்டையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் சட்டையை மடித்து நான் பார்த்தது அன்றுதான். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே ஸ்பானர் கேட்டார். மூன்றாவது குழலைக் கழற்றி மேலே எடுத்தார். அதன் முனையில் வாஷர் ஒட்டிக்கொண்டு வந்தது, நான் போட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை, வளைவு இல்லை. "வாஷர் நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கன்னியப்பன் அண்ணன் பக்கம் திரும்பினார்.

அண்ணனைப் பார்த்தேன். நெற்றியில் குங்குமம், கையில் பாதித் தேங்காய், அடுத்த மரியாதைக்குத் தயாராக நின்றார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அடியில இன்னொண்ணு கீது மேஸ்திரி" என்றேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "எப்படித் தெரியும்?"

சொன்னேன். ஐந்துதான் வந்தது, ஆறாவதை டப்பாவிலிருந்து எடுத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். லாஞ்சில் பொரி மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. மேஸ்திரி கையிலிருந்த குழலைக் கீழே வைத்தார். பிறகு, "ஏழுமலை அவர்களே, தயவு செய்து இப்படி வந்து அதைத் தாங்களே எடுத்துக் கொடுங்கள்" என்றார். 'தாங்கள்' என்று அவர் வாயில் வந்து பட்டறையில் யாரும் கேட்டதில்லை.

குழிக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி, பழைய அரத்தின் கூரான வாலை இறக்கித் தட்டி, மெல்ல முறுக்கினேன். இரும்பு சுட்டது. கடைசியில் கறுப்பாக ஒரு வளையம் அரத்தின் நுனியில் மாட்டிக்கொண்டு வந்தது. மேஸ்திரி அதை வாங்கித் தன் வெள்ளைச் சட்டையிலேயே தேய்த்தார். செம்பு தெரிந்தது. அந்தச் சட்டையோடே பட்டறைக்குப் போய், டிரைவர் மேல் தப்பு இல்லை, தப்பு எங்களுடையது, தீர விசாரிக்காமல் எழுதியது என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுந்தரம் சார் கையில் கொடுத்தார். என் தாளில் கையெழுத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தார்.

மறுநாள் பட்டறை திறந்ததும், எல்லாப் பிட்டர்களும் பெட்டியைத் திறந்து, டப்பா வைத்திருந்தால் மேஜைமேல் கொட்டச் சொன்னார். முதலில் யாரும் அசையவில்லை. அப்புறம் ஒருவர் கொட்டினார். அடுத்தவர் கொட்டினார். மூக்குப்பொடி டப்பா, வெற்றிலைப் பெட்டி, பல்பொடி டப்பா என்று ஐந்து பேரிடமும் இருந்தது, மேஜைமேல் செம்பு குவிந்தது. பதினைந்து வருஷம் கணக்குக் குறையாமல் இருந்ததன் ரகசியம் அதுதான். எல்லாரும் எல்லாருக்கும் தெரியாமல் கம்பியை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். மேஸ்திரி அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்த் தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய தைல டப்பாவைக் கொண்டுவந்து, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், அதையும் கொட்டினார். நாலு வாஷர் விழுந்தது. அன்றோடு ஆணியில் கம்பி மாட்டுகிற வழக்கம் போயிற்று. அதற்கு அப்புறம் குழியை விளக்குப் பிடித்து இரண்டு பேர் பார்த்தால்தான் குழலை இறக்கலாம் என்று ஆனது.

லாஞ்சு சரியாகிவிட்டது என்று சுந்தரம் சார் நம்பவில்லை. வாயால் சொன்னதை எல்லாம் கேட்டாகிவிட்டது, இனிமேல் தன் பேண்டை வைத்துப் பரீட்சை நடத்த முடியாது என்று சொல்லிவிட்டார். கன்னியப்பன் அண்ணன்தான் வழி சொன்னார். பூஜை நாளிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. இப்போது பட்டறை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வெள்ளைத் துணி வச்சினு கீறியா?"

கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டி ஒன்றுதான் இருக்கிறது என்றேன்.

"அத்தக் கட்டிகினு வா. நீதான் அங்க குந்தணும்."

வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். சுந்தரம் சாருடைய பலகையில், எஞ்சின் மூடிக்கு ஒட்டி அண்ணன் என்னை உட்கார வைத்தார். கரையில் மேஸ்திரி, பிட்டர்கள், சுந்தரம் சார் எல்லாரும் நின்றார்கள். வெளிக்கடல் வரை முழு வேகத்தில் போய், நங்கூரம் போட்ட ஒரு கப்பலைச் சுற்றிக்கொண்டு திரும்பினோம். போக வர அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒரு வாரம் தெர்ஞ்சிகினே சும்மா இர்ந்துகீறியா மாமு?"

"ஆமாண்ணே" என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

கரையில் இறங்கியதும் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். கல்யாண வேட்டியின் பின்பக்கத்தைச் சுந்தரம் சார் குனிந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். மேஸ்திரி பார்த்தார். பிட்டர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு பேர் கவனம் ஒரே சமயத்தில் கிடைத்ததில்லை. ஒரு புள்ளி இல்லை. கன்னியப்பன் அண்ணன் லாஞ்சிலேயே இருப்பார் என்று சுந்தரம் சார் அங்கேயே சொன்னார். அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எஞ்சினைத் துடைக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் அவர் என்னிடம் பேசவில்லை. ஆனால் லாஞ்சில் சின்னதாக ஒரு சத்தம் வந்தாலும் பட்டறைக்கு ஆள் அனுப்புவார். வந்த ஆள் எல்லார் முன்னாலும், மேஸ்திரியிடம், அவர் சொல்லி அனுப்பியதை அப்படியே சொல்லுவான்.

"அந்தப் பொய்க்காரன அனுப்பச் சொன்னாரு. வேற யாரும் வேணாமாம்."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு போவேன்.